மக்காச்சோளத்தின் தொண்டர் படை

கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் உண்டு. ஆய்வுக்கூடங்களுக்கு அது வேண்டும். கோழியை வளர்த்து முட்டையை உடைத்தால் கிடைத்துவிடும். ஆனால் 1990-களில் டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷனில் கடை திறந்த புரோடிஜீன் கம்பெனிக்குக் கோழியின் செல்வாக்கு பொறுக்கவில்லை. அவிடினுக்கான மரபணுவை மக்காச்சோளத்தில் ஏற்றினார்கள்; கதிரிலிருந்து அவிடினை எடுத்து விற்கவும் செய்தார்கள். கோழி கேஸ் போடவில்லை. அடுத்து, மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கிற டிரிப்சின். அதையும் மக்காச்சோளமே தந்தது. மாடும் வாய் திறக்கவில்லை.

தைரியம் கூடிப்போய்ப் பன்றிக்குட்டிகளின் பேதியில் கை வைத்தார்கள். வைரஸால் வரும் பேதி. பிறந்த குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும். ஊசி எதற்கு, தடுப்பு மருந்தைச் சோளத்திலேயே விளைவித்துத் தீவனமாகப் போட்டுவிடலாமே! நல்ல யோசனைதான். ஏட்டுச் சுரைக்காய்க்கு மட்டும்தான் கறியோடு தகராறு என்று யார் சொன்னது?

2001-ல் நெப்ராஸ்காவில் சோதனைக்கு விதைத்தார்கள், அறுத்தார்கள், போய்விட்டார்கள். அறுவடையில் நாலு மணி சிந்தும், சிந்தினது முளைக்கும் என்பது ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். மரபணுவையே வெட்டி ஒட்டியவர்களுக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுவருஷம் அதே நிலத்தில் சோயா. நடுவே நெடுநெடுவென்று மக்காச்சோளம். இப்படித் தானாக முளைத்து வருவதை அமெரிக்க விவசாயிகள் 'வாலண்டியர்' என்பார்கள். நம் பாஷையில் தொண்டர். கூப்பிடாமல் வரும், போகச் சொன்னால் போகாது, தலைவர் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகும் கொடி பிடித்துக்கொண்டு நிற்கும். பெயர் வைத்தவர் நாலு மாநாடாவது பார்த்திருப்பார்.

அக்டோபரில் அதிகாரிகள் தொண்டர்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் வயலோடு விஷயம் முடியவில்லை. சோளத்தின் தழையும் தண்டும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ள, அந்தச் சோயா அரோரா ஊர் களஞ்சியத்துக்குப் போய், அங்கே கிடந்த சோயாவோடு சோயாவாகக் கலந்துவிட்டது. மொத்தம் 500,000 புஷல். நம் கணக்கில் 13,000 டன்னுக்கு மேல். கலந்தது கைப்பிடியா கூடையா என்பதா முக்கியம்? பன்றிப் பேதி மருந்து என்று காதில் விழுந்த பிறகு எவன் வாங்குவான்? அத்தனையையும் முடக்கிப் போட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் அயோவாவில், இதே கம்பெனிச் சோளத்தின் மகரந்தம் பறந்திருக்குமோ என்ற பயத்தில், 155 ஏக்கர் மக்காச்சோளத்தைப் பிடுங்கி எரித்திருந்தார்கள்.

அபராதம் 250,000 டாலர். சோயாவை விலைக்கு வாங்கி அழிக்கிற செலவு தனி, பல லட்சம் டாலர். கம்பெனியிடம் ஏது அவ்வளவு பணம்? அபராதம் போட்ட வேளாண் துறையே வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. பிரம்பால் அடித்துவிட்டு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிற வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன்; இவ்வளவு பெரிய மிட்டாய் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பார்த்தும் வென்ட்ரியா என்ற கம்பெனி அடங்கவில்லை. தாய்ப்பாலில் இருக்கிற லாக்டோஃபெரின், லைசோசைம் என்ற புரதங்கள் இரண்டையும் நெல்லில் விளைவித்து, 2005-ல் மிசௌரியில் விதைக்க இடம் தேடியது. பட்வைசர் பீரில் அரிசி சேர்ப்பார்கள். குடிமக்கள் கிளாஸைத் தூக்கும்போது தாய்ப்பால் ஞாபகம் வந்தால் வியாபாரம் என்னாவது? அந்த நெல் இங்கே விளைந்தால் மிசௌரி அரிசியையே வாங்கமாட்டோம் என்று பீர் கம்பெனி மிரட்டியது. வென்ட்ரியா பிறகு நெல் வியாபாரமே இல்லாத கான்சாஸுக்குப் போய் விதைத்தது.

ஒருவழியாக 2012-ல், செடியின் செல்லில் உருவான புரத மருந்து ஒன்றை மனிதர்களுக்குப் போட அமெரிக்கா முதன்முதலாக அனுமதித்தது. கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கு இஸ்ரேலின் புரோட்டாலிக்ஸ் தயாரித்தது. பயிர், கேரட். வயல் இல்லை, இலை இல்லை, கிழங்குகூட இல்லை. பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகளில் மிதக்கிற வெறும் கேரட் செல்கள். பை வாயை நன்றாக மூடி வைத்திருக்கிறார்கள்.