கண்ணால் கற்ற ஆங்கிலம்

ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் தமிழ் மீடியத்தில் படித்த எவர் வீட்டுப் பரணைத் துழாவினாலும், பிரவுன் அட்டை போட்டு, முதுகு கழன்று, கோந்து தடவி ஒட்டிய ஒரு ரென் அண்ட் மார்ட்டின் இங்கிலீஷ் இலக்கணம் அகப்படக்கூடும். அண்ணன் படித்து, அக்கா படித்து, நம் கைக்கு வரும்போது பயிற்சிகளுக்கான விடைகள் எல்லாம் பென்சிலால் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவோம். ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாகப் புரட்டுவதும், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவதும், நீளமான வாக்கியம் ஒன்றை எழுவாய், பயனிலை என்று கட்டம் போட்டுப் பிரிப்பதும் கணக்குப் போடுகிற சுகத்தைத் தந்தன. அந்தப் பி.சி. ரென், பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், 1924-இல் சஹாராப் பாலைவனத்துப் படைவீரர்களை வைத்து 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதியவர் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்தபோது, பழைய வாத்தியாருக்குள் ஒரு கதைசொல்லி ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

எங்கள் தலைமுறைக்கு இங்கிலீஷ் கண் வழியாகவே வந்தது. எழுத்தைப் பார்த்தோம், உள்ளதையெல்லாம் உச்சரித்தோம். புதன்கிழமைக்கான சொல்லில் 'ட'வை அழுத்திச் சொல்லாதவன் எங்கள் வகுப்பில் இல்லை. காதுக்கென்று இருந்தது ரேடியோ ஒன்றுதான். இரவு 9 மணிக்கு டெல்லியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்தி. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் அனந்த் சேத்தல்வாடின் வர்ணனை. பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று விளங்காத வயதிலும், ஒரு நீண்ட வாக்கியத்தை அவர் தடுமாறாமல் கொண்டுபோய் இறக்கி வைக்கிற அழகுக்காகவே டீக்கடை வாசலில் நின்றிருக்கிறேன். நீங்களும் நின்றிருப்பீர்கள்.

இன்றைக்கு என் பேத்தி போனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அதனோடு இங்கிலீஷில் பேசுகிறாள். அது பதில் பேசுகிறது, டென்ஸ் தவறினால் திருத்துகிறது, சிரிப்பதில்லை. இந்தச் சிரிக்காத குணத்தை நான் மனதாரப் போற்றுகிறேன். எங்கள் வகுப்பில் எழுந்து நின்று ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னவனைப் பார்த்து பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், எத்தனையோ பேர். எல்லா விதியும் தெரிந்திருந்தும் ஒரு இன்டர்வியூவில் நாலு வார்த்தை கோவையாகப் பேச முடியாமல் அவர்கள் ஊரோடு தங்கிப்போனார்கள். பேத்திக்கு அந்தப் பயமே கிடையாது.

ஆனாலும் அந்த மெதுவான நாட்களில் ஒரு ருசி இருந்தது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இந்து பேப்பரை முதலில் எடுக்கிற உரிமை ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்கு உண்டு. தலையங்கத்தை அவர் முடிக்கும்வரை எதிர் பெஞ்சில் காத்திருப்பேன். முடித்ததும் பேப்பரை என் பக்கம் தள்ளி, "இந்தப் பாராவை வாய்விட்டுப் படி தம்பி. புரியாட்டிப் பரவாயில்லை, கமா வந்தா நிறுத்து" என்பார். புரியாத சொற்களைக் கூட்டுறவு பேங்க் கொடுத்த டைரியில், தேதியைப் பற்றிக் கவலைப்படாமல், அகர வரிசையில் எழுதி வைத்திருந்தார். மரபுத்தொடர்கள் மட்டும் சிவப்பு மையில். சிவப்பு மையில் ஏறிய தொடரை அடுத்த நாள் பேச்சில் எப்படியாவது நுழைத்துவிடுவார், நூலகரிடம் சில்லறை கேட்கும்போதாவது. தினம் படிக்கவைக்கிற இந்த வேலையைப் போனும் செய்கிறதாம். பாடம் படிக்காவிட்டால் ராத்திரியில் மணியடித்து ஞாபகப்படுத்துகிறது. போஸ்ட்மாஸ்டர் மணியடித்ததில்லை, வராத நாளில் வீட்டுக்கே வந்து, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

சென்னைக்கு வந்த பிறகு, மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஹார்ன்பி டிக்‌ஷனரி வாங்கினேன். ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி, தம் மாணவர்கள் வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்று திண்டாடியதைப் பார்த்து, இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு தொகுத்த அகராதி அது. 1942-இல், யுத்தத்தின் நடுவே, டோக்கியோவில் வெளியானது. கற்றுக்கொள்கிறவனின் கஷ்டத்தைத் தெரிந்து செய்த புத்தகம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஒரு சொல்லைத் தேடிப் போனால் வழியில் பத்துச் சொல் மறிக்கும். தேடியது மறந்தே போகும். என் பிரதியில் முன்னால் வைத்திருந்த யாரோ ஓரங்களில் தமிழில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதரோடு சேர்ந்துதான் பல வருஷம் படித்தேன். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அங்கிருந்த புத்தகங்களின் ஓரக்குறிப்புகள் அவ்வளவும் அதோடு போயிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. இன்று விரலால் தொட்டால் தேடிய சொல் மட்டும் வந்து நிற்கிறது, உச்சரிப்போடு.

"தாத்தா, போன் இந்தப் பிரிபொசிஷன் தப்புங்குது, ஏன்னு நீ சொல்லு" என்று பேத்தி போன மாதம் வந்து உட்கார்ந்தாள். ஹார்ன்பியை எடுத்துப் பிரித்தேன். அன்றிலிருந்து சாயங்காலத்தில் வினைச்சொற்களின் அமைப்பை அவளுக்கு நான் சொல்கிறேன், உச்சரிப்பை அவள் எனக்குச் சொல்கிறாள். புதன்கிழமையைச் சரி செய்துவிட்டாள். பிப்ரவரி இன்னும் பாக்கி இருக்கிறது.