குதிரை இருந்தால் போதுமா?

கே: ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டில், டிராக் பந்தயத்துக்காகக் காருக்கு ஆயிரம் குதிரைசக்தி ஏற்றிவிட்டேன். கிளம்பினால் புகைதான் வருகிறது, கார் நகரவில்லையே?

ப: ஆயிரம் குதிரைக்கும் லாடம் அடித்தீர்களா தம்பி? டிராக் டயர் மாட்டுங்கள். பின் டயரை அகலமாக்கி, காற்றைக் குறையுங்கள். முதல் கியரைக் கொஞ்சம் நீட்டுங்கள். தரையைப் பிடிக்காத சக்தி புகையாகத்தான் போகும்.

கே: டிஃபரன்ஷியல் எவ்வளவு?

ப: பின்சக்கர வண்டியா? ஆக்சிலரேஷன் 100 சதவீதம். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலட்டும். நேர்க்கோட்டில் ஓடுகிறவருக்கு வளைவைப் பற்றி என்ன கவலை?

கே: முன் சஸ்பென்ஷனை இளக்கமாக வை என்கிறார்களே, ஏன்?

ப: மூக்கு தூக்கினால் பாரம் பின்னே சாயும்; பின் டயர் தரையை அழுத்திப் பிடிக்கும். 2018 டாட்ஜ் டீமன் கார் நிஜத்திலேயே முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். சில வண்டிகளுக்குத் தலைக்கனம் அழகு!

கே: எடையைக் குறைக்க எதைக் கழற்றலாம்?

ப: டீமனையே பாருங்கள், ஓட்டுநர் இருக்கையோடு மட்டும்தான் விற்றார்கள். மச்சானையும் ஏற்றிக்கொள்ள வேண்டுமா? பக்கத்து இருக்கைக்குக் கூடுதலாக ஒரு டாலர் வாங்கினார்கள்.

கே: ஃபைனல் டிரைவ் சரியா என்று எப்படித் தெரியும்?

ப: முடிவுக் கோட்டைத் தாண்டும்போது, கடைசி கியரில் முள் சிவப்பைத் தொட வேண்டும். முன்பே தொட்டுவிட்டதா? வேகத்தின் பக்கம் நகர்த்துங்கள். தொடவே இல்லையா? ஆக்சிலரேஷன் பக்கம். முள் பொய் சொல்லாது.

கே: நான்கு சக்கர இயக்கத்துக்கு மாறிவிடலாமா?

ப: கிளம்புவதில் அதுதான் ராஜா. ஆனால் எடையும் ஏறும், காரின் திறன் புள்ளியும் ஏறும். ஏ வகுப்பின் எல்லை 800. அதற்குள் எதை விட்டு எதை வாங்குகிறீர்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

கே: டிராக் பந்தயம் என்றாலே கால் மைல்தானா?

ப: வழக்கமாக அதுதான், 402 மீட்டர். அமெரிக்காவில் டாப் ஃப்யூவல், ஃபன்னி கார் வகை வண்டிகளுக்கு மட்டும் 2008 முதல் 1000 அடி. பந்தய ஓட்டுநர் ஸ்காட் காலிட்டா ஓடுதளத்தில் உயிரிழந்த பிறகு தூரத்தைக் குறைத்தார்கள். வேகத்தைவிட உயிர் பெரிது.

கே: அடுத்தவர் டியூனை இறக்கிக்கொண்டால் போதாதா?

ப: ஜெயிக்கப் போதும், கற்க? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, நேரத்தைக் குறித்துவையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருகினால், எது உதவியது என்று யாரைக் கேட்பீர்கள்?

கே: இதையெல்லாம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாமா?

ப: கூடவே கூடாது. விளையாட்டில் மோதினால் மறுபடி தொடங்கலாம். ரோட்டில் அந்தப் பொத்தான் கிடையாது. வேகத்தைத் திரையோடு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி!