ஜலகண்டாபுரத்தைக் கப்பலாக்குங்கள்

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தில் தறி போட்டிருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. நீங்கள் வெளிநாட்டுக்குத் துண்டு அனுப்பும்போது, ‘இதற்கு இத்தனை டாலர் வரும், வந்தே தீரும்’ என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அந்த ஏற்றுமதி உறுதிமொழியிலிருந்து உங்களை விடுவிக்க இந்திய ரிசர்வ் வங்கி தயாராக இருக்கிறது. பதிலுக்கு அது கேட்பது ஒன்றுதான். துண்டுக்குக் காசு வாங்காதீர்கள்.

கிண்டல் இல்லை, சட்டம். 1999ஆம் ஆண்டின் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 7ஆம் பிரிவில், சரக்கு அனுப்புகிறவர் அதன் முழு மதிப்பையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. யாரெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பட்டியல் போட்டன. பெயரில் 2015, வெளியானது 2016 ஜனவரி 12. சரக்கு ஏற்றி 21 நாளுக்குள் காகிதங்களை வங்கியில் சேர்க்கச் சொல்லும் விதி, தானே அடுத்த வருஷம்தான் வந்து சேர்ந்தது. அதனிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை.

பட்டியலைப் படித்தால் கண் கலங்கும். இலவச சாம்பிளுக்கு விலக்கு. பயணிகளின் சொந்தச் சாமான்களுக்கு, கூடவே வந்தாலும் பின்னால் தனியாக வந்தாலும், விலக்கு. கப்பலில் இருப்பவர்களின் தேவைக்கு ஏற்றும் பண்டங்களுக்கு விலக்கு. மத்திய அரசும் முப்படையும் உத்தரவு போட்டு அனுப்புவதற்கு விலக்கு. பழுது பார்க்கப் போய்த் திரும்பி வரும் விமானத்துக்கும் அதன் எஞ்சினுக்கும் விலக்கு. 5 லட்ச ரூபாய் வரை அன்பளிப்புக்கு விலக்கு. கெட்டுப்போன சரக்கு ரிப்பேருக்குப் போய் வந்தால் அதற்கும், வங்கியின் சான்றோடு, விலக்கு. நூல் வாங்கி, பாவு ஓட்டி, கரண்ட் பில் கட்டி, கூலி கொடுத்து, பழுதில்லாமல் நெய்து, நாலு காசுக்கு விற்கிறானே ஒரு மடையன், அவனுக்கு மட்டும் வரி வரியாகத் தேடியும் இடம் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள், தெரியும். காசே வராத சரக்குக்குக் காசு வந்ததா என்று எப்படிக் கேட்பது? சரிதான். ஆனால் அந்த நியாயத்தின்படி, 5 லட்சம் பெறுமான சரக்கைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறவனுடைய வார்த்தையை அரசு நம்புகிறது. 5,000 ரூபாய்க்கு விற்கிறவனைப் பார்த்தால்தான் அதற்குச் சந்தேகம் வருகிறது.

ஆகவே என் யோசனை: ஜலகண்டாபுரம் பேரூராட்சியை ஒரு கப்பலாக அறிவித்துவிடலாம். கடல் இல்லையே என்பவர்களுக்கு, பக்கத்தில் மேட்டூர் அணை இருக்கிறது. கப்பல் கூடாது என்றால் ஒவ்வொரு விசைத்தறியையும் விமான எஞ்சினாக அறிவியுங்கள். சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கிற அதிகாரி யாரும் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் ஆகாதென்றால், துண்டை எல்லாம் அன்பளிப்பு என்று எழுதிவிடுவோம்.

அன்பளிப்பின் மீது இந்தக் காதல் நம் அரசுக்கு மட்டும் சொந்தமில்லை. 800 டாலர் வரையிலான பார்சலுக்குத் தந்துவந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தியது. நம் தபால் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்கப் பார்சலை நிறுத்திக்கொண்டது. நிறுத்தியபோதும் முதலில் எதற்கெல்லாம் வழிவிட்டார்கள்? கடிதம், ஆவணம், 100 டாலர் வரை அன்பளிப்பு. அக்டோபர் 15இல்தான் சேவை மீண்டும் தொடங்கியது.

நம் ஆள் ஒருவர் மலேசியாவுக்கு ஒரு லோடு துண்டு அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழி இப்போது ஷிப்பிங் பில்லோடேயே போய்விடுகிறது. அந்த பில் ரிசர்வ் வங்கியின் கணினியில் ஏறி உட்கார்ந்து, டாலர் வரும் வழியைப் பார்த்திருக்கும். டாலரும் வந்தது, கொஞ்சம் குறைவாக. இனி ஆடிட்டர் ஆபீசில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

“ஏங்க சார், நாப்பத்தெட்டு டாலர் கொறையுதே, யாரு புடிச்சது?”

“நடுவுல ஒரு பேங்க் இருக்குங்க. அவங்க சார்ஜ்.”

“அவங்க எழுதிக் குடுத்தாங்களா?”

“அவங்க எதுக்குங்க குடுக்கணும்? சரக்கு அனுப்புனது நீங்கதான?”

அந்த 48 டாலருக்குக் கணக்குக் காட்டும்வரை பில் திறந்தே கிடக்கும். பல வங்கிகள் திறந்து கிடப்பதற்கும் ஒரு கட்டணம் பிடித்தன. இரண்டு வருஷம் திறந்து கிடந்தால், 2020 அக்டோபரில் அந்த ஏற்பாட்டை எடுக்கும்வரை, கணினி தானாகவே ஆளை எச்சரிக்கைப் பட்டியலில் தள்ளியது. பட்டியலில் விழுந்தபின் முழுப் பணமும் முன்பணமாக வாங்கு, இல்லையென்றால் எல்.சி. என்னும் வங்கி உத்தரவாதக் கடிதம் கொண்டு வா. சட்டத்தின் 13ஆம் பிரிவு, வராத தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம் என்கிறது. போடும் அதிகாரம் யாருக்கு? அமலாக்கத் துறைக்கு. முதலமைச்சர்களைத் தூக்கி உள்ளே வைக்கும் அதே அமலாக்கத் துறை, சட்டப் புத்தகத்தின்படி, நம் ஊர்த் துண்டுக்கும் காவல்.

2025 அக்டோபர் 1ஆம் தேதி ரிசர்வ் வங்கிக்கு மனம் இளகியது. 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகாத பில் என்றால், பணம் வந்துவிட்டது என்றோ இவ்வளவுதான் வந்தது என்றோ ஏற்றுமதியாளரே எழுதிக் கொடுத்தால் வங்கி பில்லை மூடலாம். தாமதத்துக்கு அபராதக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. கணினி ஓடத் தொடங்கியது 2014 மார்ச்சில். சின்ன ஆள் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும் என்று கண்டுபிடிக்கப் பதினொன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

நடுவில் வேறொன்று நடந்தது. 2015இல் டெல்லி அசோக் விகாரில், பாங்க் ஆஃப் பரோடா கிளையொன்றில், 59 கணக்குகள் வழியாகச் சுமார் 6,000 கோடி ரூபாய் ஹாங்காங்குக்குப் போனதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. முந்திரி, பருப்பு, அரிசி இறக்குமதிக்கு முன்பணம் என்று எழுதியிருந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து முந்திரி! சரக்கு வரவில்லை. ஒவ்வொரு தவணையையும் 1 லட்சம் டாலருக்குக் கீழே நறுக்கி நறுக்கி அனுப்பினார்கள், அந்தக் கோட்டுக்குக் கீழே அப்போது யாரும் கேட்டதில்லை என்பதால். நம் ஆளின் பில்லுக்கு அன்றைக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

சரி, அந்த 6,000 கோடி வெளியே போகும்போது ரிசர்வ் வங்கியின் கணினி என்ன செய்துகொண்டிருந்தது? டாலரை உள்ளே கொண்டு வருகிறவனைக் கண்காணிக்கும் கணினி 2014 மார்ச்சிலிருந்தே ராப்பகலாக விழித்திருந்தது. இறக்குமதி என்று சொல்லி டாலரை வெளியே கொண்டு போகிறவனைக் கண்காணிக்கும் கணினியை அவர்கள் திறந்தது 2016 அக்டோபரில்.