தேநீர் வரிசையின் பகுப்பெண்

1931இல் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று தொடங்கி நூலகம் வளரும் உயிரி என்று முடியும் அவற்றில், நூலகர்கள் கூடும் மாநாட்டைப் பற்றி மூச்சே இல்லை. முதன்முறை மாநாட்டுக்குப் போகிறவர் எங்கே உட்கார வேண்டும், யாரிடம் பேச வேண்டும், கொடுக்கிற பையை என்ன செய்ய வேண்டும் என்பவையெல்லாம் தொண்ணூறு ஆண்டுக்கும் மேலாகக் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அப்பழியைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்: பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்கம். மாதிரி அளவு: ஒருவர், அதாவது இவ்வாய்வாளர். ஒப்பீட்டுக் குழு: ஓ.டி. எனும் பணிநிமித்த அனுமதி கிடைக்காமல் நூலகத்திலேயே உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த என் உதவியாளர்.

முதல் கண்டுபிடிப்பு பதிவு மேசையிலேயே நிகழ்ந்தது. ரங்கநாதனின் 'எஸ்' என்பது ஊர்ப்பெயரான ஷியாளி, 'ஆர்' என்பது தகப்பனார் ராமாமிர்தம். ஆகவே அவரை ரங்கநாதன் என்றே தேட வேண்டும். இதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர்கள் அத்தனை பேரின் கழுத்தட்டைகளும் முன்னெழுத்து வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. கால் மணி நேரத் தேடலுக்குப் பின் என் அட்டை என் அப்பாவின் எழுத்தில் அகப்பட்டது. அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நூலகர் மாநாட்டில் தனக்கு இடம் போட்டு வைத்திருந்ததைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார்.

அடுத்து, பை. ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்புமுறையின் ஐந்து முகங்களை இதற்குப் பொருத்திப் பார்த்தேன். ஆளுமை: கல்லூரி முத்திரை. பொருள்: ரெக்சின். ஆற்றல்: பாதியில் நிற்கும் ஜிப். இடம்: முதலில் தோள், பிறகு சமையலறை ஆணி. காலம்: கத்தரிக்காய் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் நாள் வரை. உள்ளே ஒரு குறிப்பேடு, எழுதாத பேனா, சாப்பாட்டு டோக்கன். இவற்றுள் டோக்கனைப் பற்றிப் பின்னர்.

தொடக்க விழாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பத்து மணி என்று அச்சிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது பதினொன்று பத்து. வாசகரின் நேரத்தைச் சேமி என்ற நான்காம் விதியை மேடையில் மூன்று பேர் தலா இருபத்தைந்து நிமிடம் விளக்கினார்கள். முதன்முறை வருகிறவர் மரியாதைக்காக முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். அது பிழை. பொன்னாடை போர்த்தும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும்; கொட்டாவியும் விட முடியாது. கதவுக்கு அருகே, கடைசிக்கு முந்தைய வரிசையே ஆய்வுக்கு உகந்தது.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தைச் சேர்ந்த பிராட்ஃபோர்டு 1934இல் ஒரு விதி கண்டார். ஒரு துறையின் கட்டுரைகளில் கணிசமான பங்கு சில இதழ்களிலேயே குவிந்திருக்கும்; மிச்சம், நாம் எண்ணிப்பார்க்காத ஏராளமான இதழ்களில் சிதறிக் கிடக்கும். மாநாட்டிலும் அறிவு இப்படித்தான் பரவுகிறது, ஆனால் மையம் இடம் மாறியிருக்கிறது. அரங்கம் வெளிவட்டம். புத்தக விற்பனையாளர்களின் மேசைகள் இடைவட்டம். மையம் தேநீர் வரிசை. பிராட்ஃபோர்டு தம் விதிக்காக எடுத்துக்கொண்ட துறைகளில் ஒன்று மசகு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். தேநீர் செய்வது அந்த வேலையைத்தானே?

சான்று இதோ. எங்கள் நூலகத்தில் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தமிழ்ப் புத்தகப் பட்டியல் முழுவதையும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்துவிட்டுப் போனார். அதைக் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றினால் ஒவ்வொரு தலைப்பும் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கிறது. எண்ணிமக் காலத்தில் நூலகம் பற்றிய எட்டுக் கட்டுரைகளைக் கேட்டேன். எதிலும் பாமினி இல்லை. மாலைத் தேநீருக்கு நின்றபோது, முன்னால் நின்ற நரைத்த தலைக்காரரிடம், பேச வேறெதுவும் தோன்றாமல், இந்தக் கதையைச் சொன்னேன். அவர் மெதுவடையைக் காகிதத்தில் அழுத்தி எண்ணெயை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"மொத்தமா மாத்திட்டீங்களா சார்?"

"ஆமா சார். யூனிகோடுக்கு மாத்தினேன். இங்கிலீஷ் புத்தகம் எல்லாம் உளறுது."

"உளறத்தான் செய்யும். ரெண்டும் ஒரே எழுத்துதானே மெஷினுக்கு? தமிழ்ப் புத்தகத்த மட்டும் தனி ஃபைலாப் பிரிச்சு, அத மாத்தி, அப்புறம் கோஹாவுல ஏத்துங்க. நாங்க மூணு மாசம் மண்டைய உடைச்சு அப்புறம்தான் தெரிஞ்சுது. நம்பர் தர்றேன், சந்தேகம்னா கூப்பிடுங்க."

பதிவுக் கட்டணம், பேருந்துச் செலவு, இரண்டு நாள் ஓ.டி. ஆகிய அனைத்தும் அந்த ஒரு வடை தின்னும் நேரத்தில் வசூலாகிவிட்டன. இதிலிருந்து ஒரு துணைவிதியும் கிடைத்தது: மாநாட்டுக்குக் கட்டுரை இல்லாமல் போகலாம், தலைவலி இல்லாமல் போகக் கூடாது. ஊரில் தீராத ஒரு தொல்லையைக் கையோடு கொண்டுபோகிறவருக்கே வரிசையில் வாய் திறக்கிறது.

ஆய்வின் குறைபாடு ஒன்றையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். பேனா எழுதாததால், பின்னால் நின்றவரிடம் இரவல் வாங்கி, கைக்கு அகப்பட்ட காகிதத்தில் நரைத்த தலைக்காரரின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அது மறுநாள் மதியச் சாப்பாட்டு டோக்கன். மறுநாள் பந்தி வாசலில் நின்ற மாணவர் அதை வாங்கி, முறைப்படி இரண்டாகக் கிழித்துப் பெட்டியில் போட்டார். சாம்பார் ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கருத்தரங்கம் ஆகஸ்டில். கட்டணம் கட்டிவிட்டேன்.