பாடும் பாடும்

பழவேற்காட்டில் 'பாடு' என்றால் யாரும் தம்புராவைத் தேட மாட்டார்கள். ஏரியில் எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்கள் முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குத்தான் அங்கே அந்தப் பேர். சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பார்கள்.

இசை விமர்சகருக்குத் தெரிந்த பாடு வேறு. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி விகடனில் எழுதிய காலத்தில் கச்சேரிக்கு நேரில் போக வேண்டியிருந்தது; இப்போது ஹெட்ஃபோன் போதும்.

2017இல், ஏரிக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகம் சாம்பலில் மூச்சுத் திணறுவதைப் பற்றி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்தது. சென்னைத் தமிழை ராகமாலிகையாகப் பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. பொதுவில் எல்லோருக்குமான நிலத்தைக் குறித்த சொல் எப்படி வசவானது என்பதுதான் விஷயம்.

விமர்சகருக்கு நல்ல வேட்டை. அந்த ராகமாலிகையில் வரும் பேகடாவின் மத்திமம் சரியான இடத்தில் நின்றதா என்று ஒரு பக்கம் எழுதலாம். கழிமுகத்தில் தண்ணீர் சரியான இடத்தில் நிற்கிறதா என்பது சங்கீதத்துக்கு அப்பாற்பட்டது. அதை நீர்வளத் துறை கேட்டுக்கொள்ளும்.

எனக்கு ஒரு சின்ன யோசனை. டிசம்பர் சீசனில் சபாக்களின் மாலைக் கச்சேரி யாருக்கு என்பதையும் பழவேற்காட்டு முறைப்படி சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். வித்வான்கள் சம்மதித்தாலும் செயலாளர்கள் ஏரியில் குதித்துவிடுவார்கள். பயமில்லை, பல இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்தான்.