பைசா செலவில்லாமல் வித்வான் ஆவது எப்படி?

நாதஸ்வரம் வாங்க நரசிங்கம்பேட்டைக்கு பஸ் ஏறாதீர்கள். ஆச்சா மரத்தில் கடைந்து, 2022-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட வாத்தியம் அது. விலை கேட்டதுமே பாதி மூச்சு போய்விடும். வாசிக்க மீதி வேண்டாமா?

கொல்லையில் பூவரசு இருந்தால் போதும். துளிரும் வேண்டாம், முற்றலும் வேண்டாம். துளிர் துவளும், முற்றல் சுருட்டும்போதே கிழியும். நடுத்தர வயது இலையாகப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து சுருட்டி, வாயில் வைக்கும் முனையை மட்டும் விரலால் நசுக்குங்கள். வித்தை இந்த நசுக்கலில்தான் இருக்கிறது, மற்றது வெறும் குழாய். நசுங்கிய இரு இதழ்களும் மூச்சுப் பட்டு மூடித் திறந்து துடிப்பதுதான் சத்தம். திருவாவடுதுறையில் நாணலைப் பதப்படுத்திச் சீவாளி கட்டுகிறவர்கள் நாள்கணக்கில் பாடுபடுவதும் இதற்கே. உங்களுக்கு அரை நிமிஷம். அதிகம் நசுக்கினால் காற்றே போகாது, குறைந்தால் வெறும் ‘புஸ்’.

ஃப்ளாட்வாசிகளுக்கு ஸ்ட்ரா. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை என்பதால் உங்கள் தலையெழுத்து காகிதம். ஒரு முனையைக் கடித்துத் தட்டையாக்கி, இரு ஓரங்களையும் பேனா நிப்பு மாதிரி சாய்வாகக் கத்தரியுங்கள். வெட்டிய பகுதி முழுக்க உதட்டைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். ஊதியபடியே மறுமுனையை நறுக்கிக்கொண்டு வந்தால் சுருதி ஏறும். மந்திரத்திலிருந்து தாரத்துக்குப் போய்விடலாம், திரும்பி வரத்தான் வழியில்லை. மூக்கு நெருங்கியதும் கத்தரியை நிறுத்தவும். பல்லவி முடிவதற்குள் காகிதம் எச்சிலில் ஊறிக் கூழாகும். அனுபல்லவிக்கு அடுத்த ஸ்ட்ரா.

நீண்ட கச்சேரிக்குப் பப்பாளித் தண்டு. இலைப்பக்கத்து முனை தானே அடைத்திருக்கும். அதை ஒட்டி நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, பாலைக் கழுவிவிட்டு ஊதலாம். இதில் வரும் ஸ்வரத்தை இதுவரை எந்த ராகமும் சொந்தம் கொண்டாடவில்லை.

ஏழு ஸ்வரமும் எடுக்கும் பேராசையில் வயரிங் பைப்பில் துளை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாய் நேராக இருந்தால், அழுத்தி ஊதும்போது மேல் ஸட்ஜம் வராது. அதையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்கும். வாய் ஒடுங்கி அடி விரிந்த குழலுக்குத்தான் ஸட்ஜம் வசப்படும். நாதஸ்வரம் அந்த உருவத்தில் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. தென்னை ஓலையைச் சுற்றிச் சுற்றி அகலமாக்கி, ஈர்க்கால் குத்தி நிறுத்தினால் அதே உருவம் உங்களுக்கு இலவசம்.

ஒத்து ஊத ஆள் தேட வேண்டாம். ஆபீசில் நன்றாகப் பழகியவர்கள் இருப்பார்கள்.

நாயனக்காரர் எதிரில் நின்று எலுமிச்சம்பழம் கடிக்கும் குறும்பு பழையது. வாயூறினால் வாசிப்பு நின்றுவிடும். உங்கள் சாதகத்தில் மத்தியானத் தூக்கம் கலைந்த மாமியார், ஒரு வார்த்தையும் பேசாமல் உப்பும் புளியங்காயுமாக எதிரே வந்து உட்கார்ந்தால், உடனே மங்களம் வாசித்துவிடுங்கள்.