ஒரு பெடியன் = 3 வாட்: ரொறன்ரோ இருட்டு பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கரண்ட் நின்ற வீட்டுக்கு எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும்? 2003 ஆகஸ்ட் 14 மாலை ஒன்ராறியோ இருண்டது. 2013 டிசம்பரில் மழை மரங்களில் உறைந்து, கிளைகள் முறிந்து, ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் கரண்டை இழந்தன. பலருக்கு நத்தாரும் இருட்டில்தான். ஆயினும் இத்துறையில் நம்மவரின் மூத்த ஆராய்ச்சியை எவரும் பொருட்படுத்தவில்லை.

2. மூல ஆராய்ச்சி

1990களின் யாழ்ப்பாணம், கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை றேடியோவில் கொளுவி, ஒருவன் பெடலைச் சுற்ற, ஊர் பிபிசி தமிழோசை கேட்கும். அவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். செயின் இரைச்சலில் சுற்றுபவனுக்கு மட்டும் செய்தி பாதிதான் விளங்கும். டைனமோ தருவது 3 வாட். ஆகவே ஒரு பெடியன் = 3 வாட் என்பதே இக்கட்டுரையின் அலகு.

3. அளவீடு

ஸ்காபரோ வீடொன்றில் பிரிட்ஜ் 150 வாட்: 50 பெடியன்கள், அது கிளம்பும் கணத்தில் இன்னும் பல மடங்கு. ஃபர்னஸ் எரிவது காஸில்தான், ஆனால் சூட்டை ஊதும் காற்றாடிக்கு 500 வாட்: 167 பெடியன்கள். தேத்தண்ணிக் கேத்தில் 1500 வாட்: ஒரு பள்ளிக்கூடம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியின் கணக்கு 1200 வாட்-மணி. அது பழுதாகாமலிருக்கப் பாதிதான் எடுக்கலாம். காற்றாடி ஓயாமல் ஓடினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

4. மறுதரப்பு

பெரியப்பா மரபினர் ஜெனரேற்றர் வாதிகள். கராஜுக்குள் ஓட்டினால் கார்பன் மோனொக்சைட் ஆளைக் கொல்லும் என்று ஒப்புக்கொள்வதால் மதிப்புக்குரியோர். ஆனால் பனிக்குள் நின்று பெற்றோல் விடுவது யார் என்ற இடத்தில் அவர்கள் மௌனம்.

5. முடிவு

எதையும் பற்றரியில் கொளுவுமுன் கேட்க வேண்டியது ஒன்றே: இதற்காக யார் சுற்றுவது? வீட்டில் கேட்டேன். கேத்தில் உடனே கழிந்தது. பிரிட்ஜும் கழிந்தது, மாரியில் மீன்குழம்புச் சட்டி பின்டெக்கில் இருக்கலாம் (ரக்கூன்கள் தனி ஆய்வுக்குரியவை). காற்றாடி ஏகமனதாகத் தேறியது. மிஞ்சியது வைஃபை ரவுட்டர், 9 வாட்.

"மூண்டு பேர் சுற்றவேணும்" என்றேன்.

மகன் ஃபோனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "அப்பா, உங்களுக்குப் பழக்கம்தானே."